வேலையிழப்பு நிவாரணமும் ராஜினாமாக் கடிதமும்

வேலை பறிபோன தொழிலாளர்கள் எங்களிடம் வரும்போது நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்தத் தாளில் கையெழுத்திட்டீர்கள் என்பதே. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரங்களின் தோல், காலணித் தொழிலில் உழைப்போரில் தலித்துகளும் இஸ்லாமியர்களும் கணிசமானோர். ஆர்டர் குறைந்தால் முதலில் வெளியேற்றப்படுபவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 'பி.எஃப். பணம் வேண்டுமென்றால் எழுதிக் கொடு' என்று சொல்லி வாங்கப்படும் ராஜினாமாக் கடிதம், அவர்களுக்குரிய வேலையிழப்பு நிவாரணத்தையும் சேர்த்தே பறித்துவிடுகிறது.

இ.எஸ்.ஐ. காப்பீட்டாளருக்கு இருவகை நிவாரணம் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. 2005 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ராஜீவ் காந்தி திட்டம், ஆலை மூடல், ஆட்குறைப்பு, வேலைக்குத் தொடர்பில்லாத காயத்தால் 40 விழுக்காட்டுக்குக் குறையாத நிரந்தர உடற்குறை ஆகியவற்றால் வேலையிழந்தோருக்கானது. முதல் 12 மாதங்களுக்கு ஊதியத்தில் 50 விழுக்காடும், அடுத்த 12 மாதங்களுக்கு 25 விழுக்காடும் இதில் கிடைக்கும். இரண்டாவது, 2018 ஜூலையில் சோதனை அடிப்படையில் தொடங்கப்பட்ட அடல் காப்பீட்டாளர் நலத்திட்டம். 25 விழுக்காடாக இருந்த இதன் தொகை, கொரோனா முடக்கத்தின்போது 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. பணி வாழ்வு முழுமைக்கும் சேர்த்து 90 நாட்களுக்கே வழங்கப்படும். நாளொன்றுக்குச் சராசரியாக 400 ரூபாய் ஈட்டியவருக்கு மொத்தம் 18,000 ரூபாய். வாடகையும் பள்ளிக் கட்டணமும் காத்திருக்கும் வீட்டில் அது சிறு தொகையன்று.

இத்திட்டத்தின் நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். வேலையிழப்புக்கு முன் இரண்டாண்டுகள் காப்பீட்டுக்குரிய பணியில் இருந்திருக்க வேண்டும். வேலையிழப்புக்கு உடனடியாக முந்தைய ஆறுமாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்கும், அதற்கு முந்தைய மூன்று பங்களிப்புக் காலங்களில் ஏதேனும் ஒன்றில் 78 நாட்களுக்கும் குறையாமல் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டோருக்கும், தாமாக வேலையை விட்டோருக்கும் நிவாரணம் இல்லை.

காகிதத்தில் இவ்விதிகள் சாதியறியாதவை. நடைமுறையில் அப்படியல்ல. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் புதிய காப்பீட்டு எண் உருவாக்கப்பட்டால், பத்தாண்டு உழைத்தவரும் பதிவேட்டில் புதியவராகிறார். 26 நாள் உழைப்பு 10 நாளாகக் காட்டப்பட்டால் 78 என்ற எண்ணிக்கை எட்டாது. நிரந்தரப் பணிகளில் யார் இருக்கிறார்கள், ஒப்பந்தப் பணிகளில் யார் தள்ளப்பட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால், இவ்விதிகளின் சுமை யார் தலையில் விழுகிறது என்பது விளங்கும். விவசாயக் கூலிகளும் வீட்டுவேலைப் பெண்களும் இந்த வளையத்திற்குள்ளேயே வரவில்லை.

தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையை இதற்கு மாற்றாகக் கருதுவோர் உண்டு. அது வேலையிழந்தோருக்கானதன்று. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டுகள் காத்திருந்தோருக்கானது. பத்தாம் வகுப்புத் தேறியோருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிகளுக்கு 600 ரூபாய் என மூன்றாண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வயது வரம்பு 45. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. தகுதியுள்ளோர் இதையும் விட்டுவிடக் கூடாது. ஆனால் இதைக் காட்டி அரசு தன் கடமை முடிந்ததென்று கூற முடியாது.

தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு வரைவுத்திட்டம் தயாரிக்கும் பணி 1943இல் பேராசிரியர் அடார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அந்த வழியில் பிறந்த இ.எஸ்.ஐ. அமைப்பில், வேலையிழப்பு நிவாரணம் மட்டும் அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டமாகவே இருந்து வந்துள்ளது. அதனை நிலையான சட்ட உரிமையாக்க வேண்டும். வேலை நீங்கியதற்கான காரணத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியைச் சார வேண்டும்.

அதுவரை நாங்கள் வலியுறுத்துவது இவற்றையே. ராஜினாமா என்ற சொல் உள்ள தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். மிரட்டி வாங்கப்பட்டிருந்தால், உடனே தொழிலாளர் துறைக்குப் பதிவஞ்சலில் எழுத்துபூர்வமாகப் புகார் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். வேலையில் இருக்கும்போதே உங்கள் சந்தா நாட்களை இ.எஸ்.ஐ. இணையதளத்தில் சரிபாருங்கள், ஆதாரையும் வங்கிக் கணக்கையும் இணைத்து வையுங்கள். வேலையிழந்து 30 நாட்கள் கடந்ததும், திட்டம் நடப்பில் உள்ளதா என்பதைக் கிளை அலுவலகத்தில் உறுதிசெய்து விண்ணப்பியுங்கள். வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரப்படாத மறுப்பை எதிர்த்து வழக்காடுவது கடினம். இது யாருடைய கருணையும் அன்று. உங்கள் ஊதியத்தில் மாதந்தோறும் பிடித்த பணத்தின் பலன்.