ராசிபலனும் ரிப்போர்ட் கார்டும்

"உங்க பையன் விஷுவல் லேர்னர் மேடம்." யூகேஜி பெற்றோர் கூட்டத்தில் எனக்கு முன்னால் இருந்தவருக்குக் கிடைத்த செய்தி. அடுத்தவர் பிள்ளை ஆடிட்டரி. என் மகள் கைனஸ்தெட்டிக்காம். ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்கு இவ்வளவு கௌரவமான பெயர் இருப்பது எனக்குத் தெரியாது. ராசி சொல்வதுபோல ஆளுக்கொன்று சொல்லி அனுப்பினார்கள்.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்ற இந்தப் பாகுபாட்டை ஊரெங்கும் கொண்டுபோனவற்றில் முக்கியமானது, நியூசிலாந்துக்காரர் நீல் ஃபிளெமிங்கின் 'வார்க்' வினாத்தாள். அது கேட்பதெல்லாம் உனக்கு எது பிடிக்கும் என்பதைத்தான். பிடிப்பது வேறு, மண்டையில் ஏறுவது வேறு. என் மகளுக்குப் பிடித்தது மிட்டாய். அதற்காக மூன்று வேளையும் அதையா போட முடியும்?

2008-இல் ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் இந்தப் பாகுபாட்டைப் பற்றிய ஆய்வுகளை அலசினார்கள். 'கண்' பிள்ளை படத்தாலும் 'காது' பிள்ளை பேச்சாலும் கூடுதலாகக் கற்றதாக ஒழுங்காக நிரூபித்த ஆய்வு தேறவில்லை. முறையாகச் செய்த சிலவற்றின் முடிவு நேரெதிர்.

யோசித்தால் வியப்பில்லை. எந்தப் புலன் வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பாடமே தீர்மானிக்கிறது. 'கைனஸ்தெட்டிக்' பிள்ளைக்கும் ழகரம் காதில் விழுந்து, நாக்கு மடங்கினால்தான் வரும். 'ஆடிட்டரி' பிள்ளைக்கும் வரைபடத்தைக் கண்ணால் பார்த்தால்தான் காவிரி போகும் வழி தெரியும். திண்ணைப் பள்ளியில் வாயால் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினார்கள். கண், காது, கை மூன்றுக்கும் ஒரே நேரத்தில் வேலை. (அங்கே விழுந்த பிரம்படியை நான் சிபாரிசு செய்யவில்லை.)

இதைவிடக் கொடுமை, விரல் ரேகை பார்த்துப் பிள்ளையின் கற்கும் பாணியைச் சொல்லும் டிஎம்ஐடி வியாபாரம். கருவிலேயே உருவாகிவிட்ட ரேகைக்கும் வாய்ப்பாட்டுக்கும் என்ன உறவு? கைரேகை ஜோசியர் கிளிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இவர் ஏசி அறையில் ஸ்கேனரோடு உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் கறக்கிறார்.

பிள்ளைகள் எல்லோரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது: ஏற்கெனவே என்ன தெரியும், வீட்டில் என்ன மொழி, கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா, காலையில் சாப்பிட்டதா. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததும் கற்றிருக்கும் நிலையைப் பார்த்துத்தான். நிலை மாறும், அரும்பு மொட்டாகும். 'கைனஸ்தெட்டிக்' எப்போது என்னவாகும்?

அன்றைய கூட்டத்தில் நான் கேட்டது ஒன்றுதான்: "இவளுக்கு எத்தனை வரைக்கும் எண்ணத் தெரியுது மிஸ்?"

ஆசிரியை கோப்பைப் புரட்டினார். மூன்று வண்ணத்தில் ஒரு வட்டம் அழகாக அச்சாகியிருந்தது. எண்ணைக் காணோம்.