கண்ணகிக்கு எத்தனை எச்.பி.?

 

கொஞ்சம் நீளமான பதிவு. போனில் கேம் விளையாடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பொறுமையாக வாசியுங்கள்.

வன்னியில் படிப்பிக்கும் எங்களிடம் இப்போது தெய்வங்களைப் பற்றிய கேள்விகள் சமய பாடத்தில் இருந்து வருவது குறைவு. கேமில் இருந்துதான் வருகின்றன. "சேர், இஃப்ரீத் உண்மையிலேயே நெருப்பு விடுமா?" "மொரிகனும் காளியும் சண்டை பிடிச்சா யார் வெல்லுவினம்?" ஒரே வாங்கில் இருக்கும் முஸ்லிம் பிள்ளையும் சைவப் பிள்ளையும் வேதக்காரப் பிள்ளையும் சேர்ந்துதான் கேட்கிறார்கள். இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோக எங்களால் முடியவில்லை.

முதலில் இது எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். 1974இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வந்தது. பகடை, தாள், பென்சில், நாலைந்து கூட்டாளிகள் இருந்தால் போதும். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் போவார்கள். இன்றைய கேம்களில் பிள்ளைகள் பேசும் லெவல், எச்.பி. எல்லாம் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான். 1980இல் அதே விளையாட்டுக்கென்று தெய்வங்களின் புத்தகம் ஒன்று வெளியானது. அயர்லாந்து, பிரித்தானியப் பக்கத்துக் கெல்டிக் தெய்வங்களும், கிரேக்க, எகிப்தியத் தெய்வங்களும், இந்திரன், விஷ்ணு, காளியும் அதில் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எத்தனை அடி தாங்குவார் என்று ஒரு எண். எண் என்று ஒன்று வந்துவிட்டால், அடித்து முடிக்கவும் முடியும் என்றுதானே அர்த்தம்?

கெல்டிக் தெய்வங்கள் விளையாட்டுக்கு வசதியாகப் போனதற்குக் காரணம் உண்டு. அயர்லாந்தில் அந்தக் கதைகளை ஏட்டில் எழுதியவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். 11ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட படையெடுப்புகளின் நூல், பழைய தெய்வங்களை மந்திரம் தெரிந்த ஒரு குலமாகச் சொல்கிறது. அதனால் அவர்கள் விளையாட்டுக்காரர் கைக்கு வரும்போதே பாதி கதாபாத்திரமாகத்தான் வந்தார்கள். எழுத்தை உருவாக்கியவன் என்று ஐரிஷ் கதைகள் சொல்லும் ஒக்மா, இன்று 'ஃபர்கோட்டன் ரெல்ம்ஸ்' என்ற கற்பனை உலகத்தில் அறிவின் கடவுள். கேட்பதற்கு ஆள் குறைவு.

குறைவுதான், இல்லை என்று சொல்ல முடியாது. அவர்களை வணங்கும் சிறு குழுக்கள் இன்றும் இருக்கின்றன. பிரிஜிட் என்ற தெய்வத்தின் பெயரிலேயே ஒரு கிறிஸ்தவப் புனிதையும் இருக்கிறார். அந்தப் புனிதையின் நாளை அயர்லாந்து 2023 முதல் பொது விடுமுறை ஆக்கியிருக்கிறது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். இஃப்ரீத் என்ற சொல் சூரத்துன் நம்லில், சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் வருகிறது. 1979இல் வந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் புத்தகம் ஒன்றின் அட்டையில் அதே இஃப்ரீத் கொம்போடு நிற்கிறது. 2008இல் ஒரு பிளேஸ்டேஷன் கேமின் பாட்டில் குர்ஆன் வசனங்கள் கலந்திருந்தது தெரியவந்து, சோனி நிறுவனம் வெளியீட்டையே தள்ளிவைத்துத் திருத்தியது. 2020இல் பப்ஜியில் சிலை ஒன்றின் முன் மண்டியிட்டு வணங்கினால் சக்தி கூடும் என்று வைத்தார்கள். முஸ்லிம்கள் எதிர்த்தார்கள், எடுத்துவிட்டார்கள்.

2012இல் 'ஸ்மைட்' என்ற கேமில் காளியை அரைகுறை உடுப்போடு வரைந்தபோது இந்துக்களும் இதே போலத்தான் எதிர்த்தார்கள். பப்ஜி விஷயத்தில் எங்களுக்கு வந்த கோபம் நியாயம் என்றால், அவர்களுக்கு வந்த கோபமும் நியாயம். ஒன்றுக்கு ஒரு படி, மற்றதற்கு வேறு படி வைத்து அளக்க முடியாது.

"நாம் சிலை வணங்குவதில்லை, அம்மனைக் கேமில் போட்டால் நமக்கென்ன?" என்று எங்கள் ஆட்களில் சிலர் கேட்கலாம். வணங்குவதில்லை என்பது எங்கள் ஈமான். ஆனால் மற்றவர்கள் அழைத்துப் பிரார்த்திப்பவற்றை ஏச வேண்டாம் என்று சூரத்துல் அன்ஆமின் 108ஆவது வசனம் தடுக்கிறது. அந்தக் கட்டளை போன் திரைக்கும் சேர்த்துத்தான்.

வன்னியில் இதைப் பேசும்போது கண்ணகியைப் பேசாமல் இருக்க முடியாது. நந்திக்கடல் ஓரத்து வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல். கடல் நீரை எடுத்துவந்து முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் விளக்கு எரிப்பார்கள். பிறகு அங்கிருந்து வற்றாப்பளைக்குப் போகும். நேர்த்தி வைத்த சனம் வெளி மாவட்டங்களில் இருந்தும் வரும். 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்தக் கரையில் பிள்ளையைத் தேடும் தாய்மார் அம்மன் முன் என்ன கேட்டு அழுகிறார்கள் என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை.

மதுரையை எரித்த கண்ணகி ஒரு கேம் கம்பனியின் கண்ணுக்கு எப்படித் தெரிவாள்? நல்ல நெருப்புச் சக்தி உள்ள கேரக்டர். நந்திக்கடல் அழகான ஒரு மெப். அவ்வளவுதான்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதுவும் பெறுமதியானது. கண்ணகியின் கதை எப்போதுமே கைமாறித்தானே வந்தது? சமணத் துறவி என்று சொல்லப்படும் இளங்கோ அடிகள் காவியமாக்கினார். சிங்கள பௌத்தர்களுக்கு அவள் பத்தினி தெய்யோ. முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடுகிறார்கள். அப்படியானால் கேம் மட்டும் ஏன் கூடாது? கேமில் வராவிட்டால் இந்தத் தலைமுறை மறந்துவிடாதா?

கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கூத்து ஆடியவர்கள் அவளைத் தெரிந்தவர்கள். பார்க்க வந்தவர்களும் தெரிந்தவர்கள். பிழையாக ஆடினால் ஊரே கேட்கும். கேமைச் செய்கிறவருக்கு வற்றாப்பளை எங்கே என்றும் தெரியாது, கேட்கப்போக ஊரும் இல்லை. எங்களுக்குப் பயம் தருவது இந்த இடம்தான்.

புனேயில் உள்ள ஒரு சிறு குழு 2020இல் 'ராஜி' என்ற கேமைச் செய்தது. அதில் நாம் இயக்குவது ஒரு சாதாரணச் சிறுமியை. துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்கிறார்கள். தெய்வத்தை யாரும் அடித்து விழுத்துவதில்லை. செய்ய மனம் இருந்தால் வழி இருக்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது மூன்று விஷயம்.

1. இந்தப் பெயரைச் சொல்லி இன்றைக்கு யாராவது அழுது கேட்கிறார்களா என்று பார். கேட்கிறார்கள் என்றால் அதற்கு எச்.பி. போடாதே.

2. கேமில் பார்த்ததைக் கதை என்று நம்பாதே. மூலக் கதையைத் தெரிந்தவரிடம் கேள். ஜின்னைப் பற்றி மௌலவியிடம் கேள், கண்ணகியைப் பற்றிக் கூத்து ஆடும் அண்ணாவியாரிடம் கேள்.

3. பக்கத்து வாங்கில் இருப்பவனின் உம்மாவோ அம்மாவோ பார்த்தால் முகம் சுளிக்காத மாதிரி விளையாடு.

விளையாட்டு வேண்டாம் என்று போனைப் பறிப்பதால் ஒன்றும் நடக்காது. நாலு பிள்ளைகளை இருத்தி, பகடையும் தாளும் கொடுத்து, அவர்களையே ஒரு வன்னிக் கதை செய்யச் சொல்லுங்கள். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த பண்டாரவன்னியன் இருக்கிறான். இரணைமடுக் குளம் இருக்கிறது, யானை இருக்கிறது, தேன் எடுக்கக் காட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மனிதர்களுக்கு எச்.பி. போடலாம், தோற்கவும் விடலாம், அதில் யாருக்கும் நோகாது.

ஏன் இவ்வளவு சொல்கிறோம்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சமூகம் நாங்கள். புத்தளத்து முகாம்களில் வருடக் கணக்கில் இருந்துவிட்டு, தண்ணீரூற்றுக்கும் நீராவிப்பிட்டிக்கும் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். எங்களைத் தெரியாதவர்கள் எங்களைப் பற்றிச் சொல்லும் கதை எவ்வளவு பாரம் என்று எங்களுக்குத் தெரியும். ஒரே வகுப்பில் மீண்டும் ஒன்றாக இருக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் இவர்கள். ஒருவனின் அம்மனை மற்றவன் 'கொன்றுவிட்டேன்' என்று கத்துவது கேமில் ஒரு நிமிடம், வகுப்பில் ஒரு வருடப் பகை.

இன்று இரவு பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: நீ விளையாடும் கேமில் யாருடைய தெய்வம் இருக்கிறது என்று. பதிலைக் கீழே எழுதுங்கள், மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள்.

வல்ல அல்லாஹ் எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல புத்தியைத் தரட்டும்.