உடுத்திய பட்டு இழிவாகுமோ?

ஆரணித் தெருக்களில் காலை வெயில் ஏறும் வேளையில் ஒரு குரல் கேட்கும். "பழைய பட்டுப் புடவை இருக்கா, பழைய ஜரிகை இருக்கா" என்று இழுத்துக் கூவும் அந்தக் குரலைத் தமிழ்நாட்டில் எந்த ஊரில் இருப்பவரும் அறிவர். பட்டு நெய்து பேர்பெற்ற இந்த ஊரிலும் அக்குரலுக்குக் கதவு திறக்கும் வீடுகள் உண்டு. வருபவர் புடவையின் உடலைப் பார்ப்பதில்லை. கரையைப் பிடித்து ஓர் இழையைச் சுரண்டிப் பார்ப்பார்; முந்தானையின் அகலத்தை விரலால் அளப்பார்; ஒரு தொகை சொல்வார். அதற்குமேல் அந்தப் புடவை எங்கே போகிறது என்று கேட்பவர் இல்லை. அது நெருப்புக்குப் போகிறது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. எரித்தால் பட்டு சாம்பலாகும், வெள்ளி எஞ்சும். அந்த வெள்ளிக்குத்தான் விலை. குழித்தறியில் அமர்ந்து நாள்கணக்கில் மிதித்து நெய்தவரின் உழைப்புக்கும், இராட்டினத்தில் தார் சுற்றிய பெண்களின் உழைப்புக்கும், அதை நிக்காஹ் நாளில் உடுத்தி நின்றவரின் நினைவுக்கும் அங்கே விலை கிடையாது.

இவ்வாறு பட்டைத் தீயிடக் கொடுப்பதை நம் குடும்பங்களில் எவரும் இழிவென்று சொன்னதாக நாம் கேட்டதில்லை. ஆனால் அதே புடவையைப் பேத்தி ஒருத்தி எடுத்து உடுத்திவிட்டால் மட்டும் இழிவு வந்து சேர்ந்துவிடுகிறது! இந்த விந்தையைப் பற்றியே எழுத முற்படுகிறோம்.

அண்மையில் ஆரணியில் ஒரு திருமணத்துக்குச் சென்றிருந்தோம். மணமகளின் தங்கை, கல்லூரியில் படிக்கும் பெண், பாட்டியாரின் பட்டை உடுத்தியிருந்தாள். அரக்கு நிறம், மாம்பழ நிறக் கரை, நெடுநாள் மடித்து வைத்த துணிக்கே உரிய அடங்கிய மினுமினுப்பு. அதற்கு இசைவாகத் தன் கையாலேயே ஒரு ரவிக்கை தைத்து, முந்தானையால் தலையை மூடி, பந்தி விசாரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சபையில் அவளைப்போல் உடுத்தியவர் வேறொருவர் இல்லை. நாம் அதை வியந்துகொண்டிருக்கும்போதே உறவுக்காரப் பெரியவர் ஒருவர் அவளை நிறுத்தி, "ஏம்மா, புதுசு எடுத்துத் தர ஆளில்லையா உனக்கு?" என்று பத்துப் பேர் காதில் விழக் கேட்டார். பெண் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டாள். அவளுடைய அத்தாவின் முகந்தான் கறுத்துவிட்டது. மறுநாளே மகளைத் துணிக்கடைக்கு அழைத்துச் சென்றார் என்று பின்னர் அறிந்தோம். கடன் வாங்கி அக்காளின் திருமணத்தை முடித்த மனிதர் அவர்.

அந்தப் பெரியவரின் கண்ணுக்குத் தப்பிய ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். அன்று மாலை வரவேற்பில் மணமகள் அணிந்திருந்த லெஹங்கா வாடகைக்கு எடுத்தது. அவளுக்குமுன் எத்தனை மணமகள்கள் அணிந்தார்களோ, யார் அறிவார்? அதைப் பார்த்து எவரும் முகம் சுளிக்கவில்லை. மாறாக, "எங்கே எடுத்தீர்கள்?" என்று முகவரி கேட்டனர். முன்பின் அறியாதார் பலர் உடுத்திக் கழித்தது நாகரிகமாம். பெற்ற பாட்டி உடுத்தியது வறுமையாம். இது எந்த ஊர் நியாயம்?

வாடகை லெஹங்காவை நாம் குறை சொல்லவில்லை. ஒரு நாள் உடுப்புக்கு ஆயிரமாயிரமாய்க் கொட்டுவதைவிட அது அறிவுடைய செயலே. மேலும், மணமகளுக்கு இரவல் ஆடை என்பது நம் மரபுக்குப் புறம்பானதும் அன்று. ஸஹீஹுல் புகாரியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைப் பற்றிய செய்தி ஒன்று இருக்கிறது. ஐந்து திர்ஹம் பெறுமானமுள்ள முரட்டுத் துணி அங்கி ஒன்றை அன்னையார் அணிந்திருந்தார்கள். தம் பணிப்பெண் அதுபோன்ற ஆடையை வீட்டுக்குள் உடுத்தவும் மறுக்கிறாள் என்று குறிப்பிட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில் தம்மிடம் அத்தகைய ஆடை ஒன்று இருந்ததையும், மதீனாவில் அலங்கரிக்கப்பட வேண்டிய பெண்ணுக்காக அதை இரவல் கேட்டு ஆள் வராமல் இருந்ததில்லை என்பதையும் நினைவுகூர்ந்தார்கள். ஒரே ஆடை எத்தனை பெண்களை அலங்கரித்திருக்கிறது! காலம் சற்று மாறியவுடன் அதையே பணிப்பெண்ணும் வேண்டாமென்றாள். பழையதை இளக்காரமாய்ப் பார்க்கும் பார்வை அன்றே தோன்றிவிட்டது என்பதையும் இச்செய்தி காட்டுகிறது. அன்னையார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதையும் காட்டுகிறது.

இனி அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் வருவோம். ஏன் இதை உடுத்தினாய் என்று நாம் கேட்டோம். கடைப் புடவை எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, அதைக் கட்டினால் நான் நானாக இல்லை என்றாள். கேட்பதற்குச் சிறுபிள்ளைப் பேச்சுப்போல் தோன்றலாம். ஆனால் ஆடையால் தன் மனத்தை உலகுக்குச் சொல்வது நாம் அறியாத செயலா? 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் காந்தியடிகள் மதுரையில் அரையாடைக்கு மாறினாரே, அவர் வாயால் சொன்னதைவிட அந்த முழந்துண்டு சொன்னது அதிகமன்றோ? அவருக்கு நாடு, இவளுக்கு வீடு. அளவு வேறு, அவ்வளவே. தன் குடும்பத்துப் பெண்களின் வரிசையில் தான் ஒருத்தி என்பதையும், விளம்பரப் பலகை சொல்லும் நிறத்தைத் தான் உடுத்தப்போவதில்லை என்பதையும் அவள் ஒரு புடவையால் சொல்லிவிட்டாள்.

இவ்விடத்தில் இளைஞர்களையும் ஒரு வார்த்தை கண்டிக்க வேண்டியிருக்கிறது. மேலைநாட்டில் பழைய உடை வாங்குவது ஒரு மோகமாகிவிட்டது. அது நம் ஊர்ப் பிள்ளைகளையும் தொற்றியிருக்கிறது. மலிவாய்க் கிடைக்கிறதென்று பத்துப் பழைய சட்டைகளை வாங்கிக் குவிப்பவன் பத்துப் புதிய சட்டைகளை வாங்கியவனைவிட எவ்விதத்தில் உயர்ந்தான்? செல்வ நாடுகள் கழித்துத் தள்ளும் துணிகள் ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் காந்தமாந்தோ சந்தையில் வந்து குவிகின்றன. நம் நாட்டு அரியானாவில் பானிபட் ஆலைகளில் கிழிபட்டு நூலாகிக் கம்பளியாகின்றன. குவிப்பவன் கையில் பழையதும் குப்பையே. தனக்கென்று ஒரு கோலம் வேண்டுபவர் முதலில் வேண்டாததை மறுக்கப் பழக வேண்டும்.

நம் கருத்தைச் சொன்னபோது ஆரணி நண்பர் ஒருவர் கடுமையாகவே மறுத்தார். "எல்லாரும் பாட்டி புடவையைக் கட்டினால் ஒண்ணுபுரத்திலும் தேவிகாபுரத்திலும் தறியில் உட்கார்ந்திருப்பவன் என்ன சாப்பிடுவான்?" என்றார். இது விளையாட்டாய்த் தள்ளக்கூடிய கேள்வி அன்று. பாவும் பட்டும் பிறரிடம் பெற்று, நெய்து கொடுத்து, புடவைக்கு இவ்வளவென்று கூலி வாங்கும் குடும்பத்துக்கு ஒரு புடவை குறைந்தாலும் குறைந்ததுதான். அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் குடும்பத்தை நலிவித்தவர் யார்? முப்பது ஆண்டு ஒரே பட்டைப் பேணிய பாட்டியா? 1985-இல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. ஜரிகை வேலைப்பாடுள்ள பட்டுச் சேலை வகைகளும் அதில் அடக்கம். சட்டம் ஏட்டில் இருக்க, விசைத்தறி அதே கரையையும் அதே முந்தானையையும் செயற்கை இழையில் அடித்துத் தள்ளுகிறது. வெள்ளி இருந்த இடத்தில் செம்புக் கம்பிக்கு முலாம் பூசிய ஜரிகை நுழைந்துவிட்டது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது; அசல் பட்டுக்கு மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரை இருக்கிறது. இருந்தும் வாங்குபவர் கேட்பதில்லையே! ஏன் கேட்பதில்லை? இருமுறை உடுத்திப் பீரோவில் எறியப்போகிற புடவை அசலாக இருந்தால் என்ன, போலியாக இருந்தால் என்ன? மகளுக்கும் பேத்திக்கும் போய்ச்சேர வேண்டிய புடவை என்று எண்ணி வாங்குபவரே இழையை நிமிண்டிப் பார்ப்பார், கைத்தறியா என்று விசாரிப்பார், அதற்குரிய விலையையும் தயங்காமல் கொடுப்பார். ஐந்து போலிகளின் பணத்தில் ஓர் அசலை எடுக்கும் அவரால்தான் ஒண்ணுபுரத்துத் தறி ஆடும். நண்பர் நம்மோடு முழுதும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆயினும் தம் வீட்டுப் பீரோவில் இருப்பவற்றில் எத்தனை ஆரணியில் நெய்தவை என்று எண்ணிப் பார்ப்பதாகச் சொன்னார்.

இன்னொரு செய்தியையும் மனம் கசந்தே எழுதுகிறோம். ரமலான் பிறந்ததும் கடைகளில் 'ஜகாத் சேலை' என்று தனிக் குவியல் கிடக்கும். ஒரு நனைப்புக்கே சாயம் கலையும் துணி. கடைக்காரருக்கும் தெரியும், வாங்கும் செல்வருக்கும் தெரியும். பழையதைக் கொடுத்தால் ஏழை மனம் நோகும் என்று காரணம் சொல்வார்கள். தாம் தொட்டும் பாராத துணியை, புதியது என்ற ஒரே தகுதிக்காகக் கட்டுக்கட்டாய் வாங்கி நீட்டினால் மட்டும் நோகாதோ? தாமே பெற விரும்பாத மட்டமான பொருளைத் தேடி ஈயக்கூடாது என்பது திருமறையின் அல்பகரா அத்தியாயம் தரும் எச்சரிக்கை. அதே வீட்டில் நான்கு முறை உடுத்திய நல்ல பட்டு ஒன்று மடிப்போடு முறிந்துகொண்டிருக்கும். துவைத்துப் பெட்டி போட்டு, திருமண வயதில் பெண்ணை வைத்திருக்கும் ஏழை உறவினரிடம் மரியாதையாக நீட்டினால் அவர் வாங்கமாட்டார் என்று யார் சொன்னது? இழிவு துணியில் ஒட்டியில்லை. நாம் கொடுக்கும் முறையில் இருக்கிறது.

பட்டு முறிவதைச் சொன்னோம். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் ஜரிகை படிந்த இடத்தில் துணி வெட்டியதுபோல் விட்டுவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் காற்றாடவிட்டு, மடிப்பை மாற்றி, பழைய பருத்தித் துணியில் சுற்றிவைப்பது நம் மூத்த பெண்களின் வழக்கம். பூச்சி உருண்டையைப் புடவைமேல் நேரே படவிடமாட்டார்கள். தேய்ந்த உடலைக் கழித்து, கரையை வைத்துச் சிறுமிக்குப் பட்டுப்பாவாடை தைத்துவிடுவார்கள். இவற்றையெல்லாம் அறிந்த கைகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. அவர்களிடம் கேட்டுப் பழகிக்கொள்ள நம் பெண்பிள்ளைகளுக்கு இதுவே தருணம்.

ஆரணி வணிகப் பெருமக்களிடமும் கூட்டுறவுச் சங்கத்தாரிடமும் நமக்கு ஒரு கோரிக்கை உண்டு. புதுப் புடவை விற்கும் கூடத்தின் ஓரத்தில் பழைய பட்டைச் செப்பனிட ஓர் இடம் ஒதுக்குங்கள். இழை விட்ட இடத்தில் ரஃபு செய்யவும், கரை பிரிந்ததைச் சேர்க்கவும், பாலிஷ் போடவும் கை தேர்ந்தவரை அமர்த்துங்கள். தறியைவிட்டு வேறு வேலை தேடிப்போன நெசவாளருக்கு அங்கே கூலி கிடைக்கும். அந்த அரக்குப் புடவையின் முந்தானை ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு விட்டுப்போயிருக்கிறது. அதைச் சரிசெய்ய ஆள் எங்கே கிடைப்பார் என்று அந்தப் பெண் எம்மிடம் கேட்டாள், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.