ஃபேஷன் டிசைனிங் படிக்கலாமா?

காட்டாங்குளத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, பிளஸ் டூ முடித்த மகளுக்காகப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். பெண்ணுக்கு ஃபேஷன் டிசைனிங் படிக்க ஆசை. "ஒரு வரி டைப் செய்தால் கம்ப்யூட்டரே சுடிதார் டிசைன் வரைந்து தருகிறதாமே தம்பி, இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்டார். நியாயமான கவலைதான்.

2013ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் அமெரிக்காவின் 702 வேலைகளை ஆராய்ந்தார்கள். தையல் மெஷின் ஆபரேட்டரின் வேலையைக் கம்ப்யூட்டர் பறிக்க 89 சதவீத வாய்ப்பு, ஃபேஷன் டிசைனரின் வேலைக்குச் சுமார் 2 சதவீதம்தான் என்றார்கள். ஆனால் 2022ல் மிட்ஜர்னி வந்து முதலில் கை வைத்தது படம் வரைவதில்! துணியோ வளையும், நழுவும், இழுபடும். ரோபோவுக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. தாம்பரம் மெப்ஸிலும் திருப்பூரிலும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் மனிதர்கள்தான்.

தாராளமாகப் படிக்கட்டும் என்றேன். ஆனால் அழகாக வரைவதை மட்டும் நம்பி அல்ல. (புரோகிராம் எழுதிப் பிழைக்கும் என் தலைக்கு மேலும் இதே கத்திதான்.) படத்தில் எப்படி இருந்தாலும், ஜாக்கெட்டின் கை நிஜமான தோளில் பிடிக்காமல் உட்கார வேண்டுமே! அதற்குத் துணியும் பேட்டர்னும் தெரிய வேண்டும்.

அவள் கம்ப்யூட்டரில் சீம்லி2டி என்ற இலவச சாஃப்ட்வேரை நிறுவிக் கொடுத்தேன். உடல் அளவுகளை வைத்து ஒருமுறை பேட்டர்ன் வரைந்துவிட்டால், அளவை மாற்றும்போது அதுவும் மாறும். இப்போது டேப்பும் கையுமாக அம்மாவைச் சுற்றி வருகிறாள்.