விபிஎன் பொறியாளர் பணி இங்கே, சர்வர் சிங்கப்பூரில்: 2022 உத்தரவு விட்டுச்சென்ற முரண்பாடு

நல்லேப்பிள்ளி: விபிஎன் எனப்படும் மெய்நிகர் தனியார் வலைப்பின்னல் சேவை நிறுவனம் ஒரு வலைப்பின்னல் உள்கட்டமைப்புப் பொறியாளரைப் பணியமர்த்தும்போது, பயனாளரின் தடயம் சர்வரில் தங்காதவாறு கட்டமைக்கும் திறனையே அவரிடம் முதன்மையாக எதிர்பார்க்கிறது. இந்திய அரசின் உத்தரவோ, பயனாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் பாதுகாக்கக் கோருகிறது. இம்முரண்பாடு இத்துறையின் வேலைவாய்ப்பையும் மாற்றியமைத்துள்ளது.

இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இவ்வுத்தரவைப் பிறப்பித்தது. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கப்பட்ட ஐபி முகவரி, சேவையைப் பெறும் நோக்கம் ஆகியவற்றை, அவர் விலகிய பின்னரும் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். தகவல் அளிக்கத் தவறினாலோ உத்தரவை மீறினாலோ ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குச் சட்டத்தில் இடமுண்டு. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக இயக்கும் விபிஎன்களுக்கு இந்நிபந்தனை பொருந்தாது என்று பின்னர் விளக்கமளிக்கப்பட்டது.

விபிஎன் மறைவில் நிகழும் இணையக் குற்றங்களைத் தடுக்க இது அவசியம் என்பது அரசின் நிலைப்பாடு. உடன்படாத நிறுவனங்கள் வெளியேறலாம் என்று அப்போதைய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் தெரிவித்தார். எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன் ஆகியவை இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றின. எக்ஸ்பிரஸ்விபிஎன் இன்று இந்திய ஐபி முகவரியைச் சிங்கப்பூர், பிரிட்டன் சர்வர்கள் வழியாக அளிக்கிறது.

பொறியாளரின் பணி எத்தகைய பொறுப்புடையது என்பதற்கு இரு நிகழ்வுகள் சான்று. துருக்கியில் ரஷ்யத் தூதர் ஆந்த்ரே கார்லோவ் 2016-இல் கொல்லப்பட்ட வழக்கில், எக்ஸ்பிரஸ்விபிஎன் சர்வர் ஒன்றை அதிகாரிகள் கைப்பற்றினர்; அதில் பயனாளர் பதிவு எதுவும் இல்லை என்று அந்நிறுவனம் அறிவித்தது. இது தனியுரிமைக்குக் கிடைத்த வெற்றியாகவும், புலனாய்வுக்கு நேர்ந்த இழப்பாகவும் பார்க்கப்படலாம். மாறாக, 2018-இல் பின்லாந்தில் நார்டுவிபிஎன் வாடகைக்கு எடுத்திருந்த சர்வரில் அத்துமீறல் நிகழ்ந்தது. தரவு மையம் விட்டுவைத்திருந்த தொலைநிலை மேலாண்மை வசதியே அதற்கு வழிவகுத்தது. அதன்பின், வன்தட்டின்றித் தற்காலிக நினைவகத்தில் மட்டும் இயங்கும் சர்வர்களுக்கு அந்நிறுவனம் மாறியது.

கோயம்புத்தூரின் மென்பொருள் நிறுவனங்களுக்கும் கஞ்சிக்கோட்டிலுள்ள பாலக்காடு ஐஐடிக்கும் அருகிலிருக்கும் சித்தூர் வட்டார இளைஞர்களுக்கு இம்மாற்றம் இருவகையில் பொருள்படும். சர்வரை நிறுவிப் பராமரிக்கும் நேரடிப் பணி, சர்வருடன் வெளிநாடு சென்றுவிட்டது. வழித்தட அமைப்பு, தானியக்கம், கண்காணிப்பு போன்றவற்றை வீட்டிலிருந்தே செய்ய இயலும். ஆயினும், சர்வர் எந்நாட்டில் உள்ளது, பதிவுகளை யார் வைத்திருக்கிறார்கள், எந்நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பவற்றை விண்ணப்பதாரர் பணியில் சேருமுன் கேட்டறிவது நல்லது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. இணைய அணுகல் உரிமையை கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் அங்கீகரித்தது. செர்ட்-இன் உத்தரவை எதிர்த்து எஸ்என்டி ஹோஸ்டிங்ஸ் என்ற இந்திய நிறுவனம் 2022-இல் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. சர்வர்களை அகற்றிய பெருநிறுவனங்களிடமிருந்து அரசு எதிர்பார்த்த பதிவுகள் கிடைப்பது கடினமாகிவிட்டது. உத்தரவின் சுமையோ, வெளியேற வழியற்ற உள்நாட்டுச் சிறுநிறுவனங்கள் மீதும் அவற்றின் பொறியாளர்கள் மீதுமே அதிகம் விழுகிறது.