ஒரு எழுத்துதானே?

"தம்பி, சேலை விக்க ஒரு வெப்சைட் போட்டுக் குடு" என்று சிறுமுகை நெசவாளர் ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டொமைன் பெயரில் 'முகை'க்கு 'ஜி' போடுவீங்களா, 'கே' போடுவீங்களா? தமிழில் ஒரே 'க'தான். இங்கிலீஷில் ரெண்டு கடை ஆயிடும்!

ஒரு எழுத்துதானேன்னு விட்டுடாதீங்க. சென்னையின் சத்யம் இன்ஃபோவே 1999-ல் 'சிஃபி' என்று டொமைன்கள் பதிவு செய்தது. 2001-ல் வேறொரு நிறுவனம் கூடுதலாக ஒரு 'எஃப்' சேர்த்து அதே மாதிரி பதிவு செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004-ல் சிஃபிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சரி, கம்பெனி கேஸ் நடத்தும். நெசவாளர் நடத்துவாரா?

அதனால பெயரை யாருக்காவது போனில் சொல்லிப் பாருங்க. ஸ்பெல்லிங் கேட்டாங்கன்னா வேற பெயர் தேடுங்க. அதே பெயர்தான் வேணும்னா ரெண்டு ஸ்பெல்லிங்கையும் பதிவு பண்ணிடுங்க.

முக்கியமா, பதிவு அவர் பெயரில், அவர் மெயிலில் இருக்கட்டும். டொமைன் வாடகை வீடு மாதிரி. காலம் முடியறதுக்குள்ள புதுப்பிக்கணும். நாம பிளேஸ்மென்ட் கிடைச்சு பெங்களூரு போயிடுவோம். ரினியூவல் மெயில் நம்ம பழைய இன்பாக்ஸில் கிடந்தா, மூடப்போறது அவர் கடைங்க.