பழைய டிராக்டர்: குதிரைசக்தி மட்டும் போதாது

பழைய டிராக்டர் வாங்கச் செல்லும் விவசாயி முதலில் கேட்பது "எத்தனை ஹெச்.பி.?" என்பதுதான். புத்தகத்தில் உள்ள குதிரைசக்தி, வண்டி புதிதாக இருந்த நாளின் கணக்கு. அதிலும் சுமார் 85 சதவீதமே பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேரும். பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டால் இன்னும் குறையும். தேய்ந்த 45 குதிரைசக்தி வண்டியைவிட, நன்கு பராமரித்த 35 குதிரைசக்தி வண்டியே மேல்.

இருபத்தைந்து குதிரைசக்தி, இரண்டு சிலிண்டர் கொண்ட எச்.எம்.டி. செட்டார் 2511, செக்கோஸ்லோவாக்கியத் தொழில்நுட்பத்தில் அரியானா மாநிலம் பிஞ்சூரில் 1971 முதல் தயாரானது. உறுதியான, எளிய எஞ்சின். ஆனால் அந்த டிராக்டர் பிரிவை மூட 2016ல் மத்திய அரசு முடிவு செய்தது. உதிரி பாகம் உள்ளூரில் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே விலை பேச வேண்டும். போர்டு 3600 சுமார் 45 குதிரைசக்தி வகை, இழுவை அதிகம். ஆனால் எடையும் அதிகம். சேற்று வயலில் புதையும். இலேசான வேலைக்கும் டீசல் கூடுதலாகச் செலவாகும். சென்னையில் 1960ல் தொடங்கிய டாபே நிறுவனத்தின் மாஸே பெர்குசன் 1035, மூன்று சிலிண்டர், 35 குதிரைசக்தி வகை. நம் மாநிலத்தில் இதைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் அநேகமாக எல்லா ஊரிலும் உண்டு. சிறு விவசாயிக்கு இதுவே ஏற்றது.

எந்த வண்டியானாலும் சில சோதனைகள் அவசியம். காலையில், எஞ்சின் சூடேறுமுன் போய், ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். சூடேறிய பின்பும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வந்தால், ரிங் தேய்ந்துவிட்டது. ரேடியேட்டர் நீரில் ஆயில் மிதந்தால் வாங்கவே வேண்டாம். ஏர் கிளீனர் தூசியும் சேறுமாக இருந்தால், அந்த வண்டி கவனிப்பாரற்று ஓடியது என்று அறியலாம். கடைசியாக, கலப்பை மாட்டி ஒரு சால் உழுது பார்க்க வேண்டும். வெறும் ஓட்டத்தில் பலம் தெரியாது.

இரண்டு மூன்று ஏக்கர் மட்டும் உள்ளவர், வாடகை உழவுக்கு வழியில்லாமல், நகையை அடகு வைத்து டிராக்டர் வாங்குவது நல்லதல்ல. ஆண்டில் சில நாள் வேலைக்கு வாடகை வண்டியே சிக்கனம். வாங்குவதென்று முடிவானால், சக்தியைவிட எஞ்சினின் ஆரோக்கியத்துக்கே பணம் கொடுக்க வேண்டும்.